ஞாயிறு பிரசங்கத்தைத் தயாரிப்பது எப்படி? பிலிப்பியர் 4:13 எனக்குக் கற்றுத்தந்த முறை

ஊழியத்துக்கு வந்த புதிதில், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்காக நடந்த ஜெபக்கூட்டத்தில் பிரசங்கிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை எடுத்தேன். எல்லாவற்றையும் என்றால் பரீட்சையும் அதில் சேர்த்திதான், விசுவாசித்தால் வெற்றி நிச்சயம் என்று அடித்துச் சொன்னேன். ஆமென் பலமாக வந்தது.

முடிவுகள் வந்த வாரம், தேறாமல் போன ஒரு பையன் ஆராதனை முடிந்தும் போகாமல் ஒரு ஓரமாக நின்றான். எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து, "ஐயா, நான் விசுவாசிச்சுத்தான் எழுதினேன். அப்போ என் விசுவாசம் பொய்யா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு பிலிப்பியர் நிருபத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். நான் பிரசங்கித்ததைப் பவுல் எழுதவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் தயாரிக்கும் விதமே மாறிவிட்டது. அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஜெபத்தோடு தொடங்குவது, தினமும் வேதம் வாசிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் அதற்குள் போகவில்லை. உதாரணத்துக்கும் அதே வசனத்தையே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வசனத்தை எடுக்காதீர்கள், பகுதியை எடுங்கள்

செவ்வாய்க்கிழமைக்குள் பகுதி முடிவாகிவிட வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை எண்களை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பார்க்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சகர் 1551இல் தம் பதிப்பில் போட்டார். பவுலின் கடிதத்தில் எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். 1 கொரிந்தியர் 13ஐப் பாருங்கள். அன்பின் அதிகாரம் என்று தனியாகப் பிரித்து வாசித்தே பழகிவிட்டோம். ஆனால் 12ஆம் அதிகாரத்தின் கடைசி வரி, "இன்னும் அதிக மேன்மையான வழியையும் உங்களுக்குக் காண்பிக்கிறேன்" என்பது. வரங்களை வைத்து ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த சபைக்கு அந்த வழியைக் காட்டுகிறார். அந்த வரியை விட்டுவிட்டால் கண்டிப்பு மறைந்து கவிதை மட்டும் மிஞ்சுகிறது.

நம் உதாரணத்தில் பகுதி 4:10இல் தொடங்கி 20இல் முடிகிறது. பிலிப்பியர் அனுப்பிய உதவிக்காகச் சந்தோஷப்பட்டுத் தொடங்குகிறார், தேவனுக்கு மகிமை செலுத்தி ஆமென் சொல்லி முடிக்கிறார்.

படி 2: கையால் எழுதுங்கள்

பகுதி முழுவதையும் ஒரு தாளில், வரிக்கு வரி இடம் விட்டு, கையால் எழுதுங்கள். போனில் நகலெடுத்து ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கை எழுதும் வேகத்தில்தான் கண் உண்மையில் வாசிக்கிறது. 12ஆம் வசனத்தில் "எவ்விடத்திலும் எல்லாவற்றிலும் ... போதிக்கப்பட்டேன்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையுஞ்செய்ய" என்று எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. அந்த "எல்லாம்" எது என்பதை முந்தின வரியே சொல்லியிருக்கிறது: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தியாயிருப்பது, பட்டினியாயிருப்பது. எத்தனையோ முறை வாசித்தும் கண்ணில் படாதது எழுதியபோது பட்டது.

பழைய மொழிபெயர்ப்போடு இன்னொரு புதிய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். 11ஆம் வசனத்தில் வரும் "மனரம்மியம்" என்ற சொல் எத்தனை இளைஞர்களுக்குப் புரியும்? உங்கள் சபைக்கு விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டம் போட்டு, பேச்சுவழக்கில் ஒரு சொல்லை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே சொல் வருகிறது என்பதற்காகவே ஆறு வசனங்களைக் கோர்த்துவிடாதீர்கள். விளக்கவுரை நூல்களை வியாழக்கிழமைக்கு முன் திறக்கவே வேண்டாம். அவை நல்லவைதான். ஆனால் முதலிலேயே திறந்தால் அந்த நூலை எழுதியவருடைய பிரசங்கத்தை உங்கள் குரலில் சொல்லிவிட்டு வருவீர்கள்.

படி 3: ஒரே வாக்கியம்

நான் அதிகம் தடுமாறிய இடம் இது. இப்போதும் என் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது.

இரண்டு கேள்விகள். இந்தப் பகுதி எதைப் பற்றிப் பேசுகிறது? அதைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டுக்குமான பதிலை ஒரே வாக்கியமாக எழுதும்வரை குறிப்பு எழுத உட்காராதீர்கள். முன்பெல்லாம் நான் நேராக "முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக" என்று பாயிண்ட் போட ஆரம்பித்துவிடுவேன். மூன்றும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்து எதைச் சொல்ல வந்தன என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பிலிப்பியர் பகுதிக்கு நான் முதலில் எழுதியது: "கிறிஸ்து நமக்குப் பெலன் தருகிறார்." உண்மைதான். ஆனால் இந்த வாக்கியத்தை ஏசாயாவிலும் வைக்கலாம், எபேசியரிலும் வைக்கலாம். நீங்களும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: உங்கள் வாக்கியம் ஒரு சொல்கூட மாறாமல் வேறு பகுதிக்குப் பொருந்தினால், இந்தப் பகுதியை இன்னும் நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது முயற்சி: "குறைவிலும் நிறைவிலும் மனநிறைவோடிருக்கக் கிறிஸ்து பெலன் தருகிறார்." பரவாயில்லை. பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதுகிறார், தம் கட்டுகளைப் பற்றி முதல் அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் ஜெயத்தைப் பற்றி அல்ல, தாக்குப்பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறார். ஆனாலும் இந்த வாக்கியம் 13ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. 14ஆம் வசனம் "ஆனாலும்" என்று தொடங்குகிறது. கிறிஸ்துவே எனக்குப் போதும் என்று சொன்ன கையோடு, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். அந்த உதவியை எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்தார், அந்த ஊழியத்தில் மரணத்துக்குச் சமீபமாகும் அளவுக்கு வியாதிப்பட்டார் என்று 2ஆம் அதிகாரம் சொல்கிறது.

மூன்றாவது முயற்சி: "எந்த நிலைமையிலும் கிறிஸ்து நம்மைத் தாங்குகிறார், ஆனாலும் ஒருவர் கஷ்டத்தில் ஒருவர் பங்கெடுக்கும்படி நம்மை வைத்திருக்கிறார்." இதுதான் அந்தப் பகுதி. அன்றைக்கு இந்த வாக்கியம் என் கையில் இருந்திருந்தால், அந்தப் பையனுக்கு நான் வேறு பிரசங்கம் செய்திருப்பேன்.

படி 4: குறிப்பு

இது சுலபம். வாக்கியம் கிடைத்துவிட்டால் பகுதியின் ஓட்டமே உங்கள் ஓட்டம். பகுதியில் இரண்டு திருப்பம் இருந்தால் இரண்டு பாயிண்ட். மூன்றாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எதுகை மோனையோடு தலைப்புத் தேடி ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவிடுங்கள்.

படி 5: குறிப்போடு வீடு சந்திப்புக்குப் போங்கள்

வீடு சந்திப்பைப் பிரசங்கத் தயாரிப்புக்கு இடைஞ்சலாக நினைத்த காலம் எனக்கு உண்டு. இப்போது புதன், வியாழன் சந்திப்புகளைத் தயாரிப்பின் பாதியாகவே வைத்திருக்கிறேன். அந்த ஒரே வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். வேலை போன வீட்டில் உட்கார்ந்து, "இதை இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று உங்களையே கேளுங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் சொல்லாதீர்கள். பரீட்சைக்கு முன் சொன்னதை முடிவு வந்த பிறகும் அதே பிள்ளையிடம் சொல்ல முடிய வேண்டும்.

துக்க வீட்டில் புதிய போதகர்கள் அதிகம் தவறுகிறார்கள். பேசியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். யோவான் 11ஐ நிதானமாக வாசியுங்கள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாளும் சொன்னாள், மரியாளும் சொன்னாள். ஒரே வார்த்தைகள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளின் அழுகையைக் கண்டபோது கண்ணீர் விட்டார். யாருக்கு வார்த்தை வேண்டும், யாருக்குக் கண்ணீர் வேண்டும் என்பது நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களிடம் குறை இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் அவரைக் காயப்படுத்தினார்கள்.

படி 6: சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்

சனிக்கிழமை மாலை யாருமில்லாத அறையில் நின்றுகொண்டு முழுவதையும் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம், குரல் போதும். வீடியோவில் கையையும் முகத்தையும் திருத்த ஆரம்பித்துவிடுவோம். நிமிடத்தையும் பாருங்கள்: முப்பதைத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்ட வேண்டியது உங்களுக்கு மிகவும் பிடித்த கதையாகத்தான் இருக்கும்.

வேதபகுதியை வாசிப்பதையும் பழகுங்கள். நெகேமியா 8:8இல் லேவியர்கள் "தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி" ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள் என்றிருக்கிறது. முதலில் வாசிப்பு, பிறகு அர்த்தம். நல்ல வாசிப்பே பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடும்.

இதை வாசித்தவர்கள் எழுதிய பிறகு சேர்த்தவை

வேலைக்குப் போய்க்கொண்டே ஊழியம் செய்யும் இருவர், புதன் வியாழனில் நேரமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் படி 4ஐச் சுருக்குங்கள், படி 3ஐச் சுருக்காதீர்கள். கையால் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் பயணத்திலும் அந்த வாக்கியத்தைத் தேடலாம். வீடு சந்திப்புக்குப் பதில் வாரம் இரண்டு போன் அழைப்பு, ஆனால் கட்டாயம் இரண்டு.

சபையிலேயே வாரந்தோறும் பகுதிகள் குறிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். கொடுக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிரசங்கத்தில் இணைக்கப் பார்த்தால், அந்த ஒரே வாக்கியம் எந்தப் பகுதிக்கும் சொந்தமில்லாததாகிவிடும்.

மூன்றாவது விஷயத்தை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு. வீடு சந்திப்பில் கேட்டதைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னதால் ஒரு குடும்பம் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டதாக ஒருவர் வருத்தத்தோடு எழுதினார். பேரைச் சொல்லவில்லை என்பது போதாது. சபை சின்னது, யாருடைய கதை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் கேட்டது உங்கள் ஜெபத்துக்கும் உங்கள் தொனிக்கும்தான், பிரசங்கத்துக்கு அல்ல. சம்பந்தப்பட்டவரே "சொல்லுங்கள்" என்று முழுமனதோடு கேட்டுக்கொண்டால் மட்டும் சொல்லலாம். நல்ல சாட்சியாக இருந்தாலும் இதே விதிதான்.

கடைசியாக, பலரும் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, உன் விசுவாசத்தில் குறையில்லை. நான் வசனத்தைத் தவறாகச் சொல்லிட்டேன்" என்றேன். அடுத்த ஞாயிறு, தவறு சொன்ன அதே இடத்தில் நின்று, அவனைக் குறிப்பிடாமல், பிலிப்பியர் 4:10 முதல் 20 வரை மறுபடியும் பிரசங்கித்தேன். தனியாகத் திருத்திக்கொண்டால் போதாது, அதைக் கேட்ட எல்லோரும் திருத்தத்தையும் கேட்க வேண்டும். மறுதேர்வுக்கு அவன் படித்த நாட்களில், கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூப்பர் வாரத்துக்கு இரண்டு மாலை அவனோடு உட்கார்ந்தார். தேர்வுக்கு முந்தின நாள் நானும் போய் ஜெபித்தேன். முடிவைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்கவில்லை.