விறகுக் குவியலிலிருந்து ஒரு பெயர்ப்பலகை: பழைய கதவுப் பலகையில் செய்யும் முறை

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையிலும் புளியரையிலும் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள், நல்ல வாசல் நிலையையும் கதவையும் விற்றுவிட்டு, உடைந்த பலகைகளையும் ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டங்களான ரீப்பர்களையும் விறகுக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு குவியலிலிருந்து எடைக்கு வாங்கிய கதவுப் பலகையில்தான் எங்கள் வாசலுக்கு ‘அன்னை இல்லம்’ என்ற பெயர்ப்பலகையைச் செய்தேன். சரியாகச் சொன்னால் இரண்டு முறை செய்தேன். முதல் பலகை ஆடிச் சாரல் காலத்தில் வளைந்துபோனதோடு எழுத்துகளும் கெட்டுவிட்டதால் இப்போது பரணில் கிடக்கிறது. அறுப்பதும் ஆணி அடிப்பதும் எல்லோருக்கும் ஓரளவு கைவரும் என்பதால், எனக்குத் தடுக்கிய இடங்களையே விரிவாக எழுதுகிறேன்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெளிச்சுவரில் மாட்டும் பலகைக்குத் தேக்கு, அயினி, பலா ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் போதும். மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் அயினியே என் விருப்பம். படகு கட்டப் பயன்பட்ட மரம் என்பதால் ஈரத்தைத் தாங்கும், தேக்கைவிட மலிவாகவும் கிடைக்கும். கேரளத்திலிருந்து வரும் பெட்டிகளில் காணப்படும் வெளிறிய ரப்பர் மரத்தை வெளியில் மாட்டும் பலகைக்கு எடுக்கவே வேண்டாம். அதில் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் எளிதில் ஏறும். சரக்கு அடுக்கும் பைன் மரச் சட்டங்களில் கோதுமைக் கதிர் முத்திரையுடன் ‘எச்.டி.’ (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட மரம் என்று பொருள், ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் நச்சுவாயுவான மீத்தைல் புரோமைடால் புகையூட்டப்பட்டது, அதை விட்டுவிடுங்கள்.

ரம்பம் வைப்பதற்கு முன் பலகை முழுவதும் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. என் ரம்பத்தின் நான்கு பற்கள் அப்படித்தான் போயின.

பழைய கதவில் வண்ணம் ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வண்ணத்தை ஈயம் உள்ளதாகவே கருதி, உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். முகக்கவசம் இல்லாமலும் குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போதும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அந்த மரத்துண்டுகளை அடுப்பில் எரிப்பதும் கூடாது.

உலர்த்துதல்

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் எங்கள் பக்கத்தில், சூன் முதல் ஆகஸ்டு வரை வெளியில் கிடந்த மரம் தொட்டால் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மழையில் கிடந்த பலகையை அந்த மாதங்களில் அவசரமாக வெயிலில் போட்டதுதான் முதல் முறை நான் செய்த பிழை. ஒரு முகம் மட்டும் சூடாகிச் சுருங்கியதால் பலகை ஓடு போலக் குவிந்துவிட்டது. இரண்டாம் முறை, வீட்டுக்குள் இரண்டு ரீப்பர் துண்டுகளின் மேல் காற்று எல்லாப் பக்கமும் படும்படி பலகையைக் கிடத்தி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்தேன். மூன்று கிலோ நூறு கிராமாக இருந்தது ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ அறுநூறாகி, அதற்கு மேல் குறையவில்லை. எடை குறைவது நின்றதும் மரம் அந்த வீட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். இதற்கென்று விற்கும் ஈரமானியை வாங்குவது ஒரே ஒரு பலகைக்கு வீண் செலவு.

பிறகு 80 எண் உப்புத்தாளிலும் அடுத்து 120 எண்ணிலும் இழை ஓடும் திசையிலேயே தேய்த்தால் போதும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் வண்ணம் பிடிக்காது. தேக்கானால் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். அதிலுள்ள இயற்கை எண்ணெய் பிரைமரை ஒட்டவிடாது. முன்பக்கம், பின்பக்கம், வெட்டு முனைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். பின்பக்கத்தை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்து, பலகை மறுபடியும் வளையும்.

எழுத்து

முதல் பலகைக்கு நான் பழைய எக்ஸ்-ரே தாளில் எழுத்துகளை வெட்டி ஸ்டென்சில் செய்தேன். ட, ப, ர போன்ற எழுத்துகளுக்கு இது சிக்கலில்லை. ஆனால் அ, ன, ண, ள ஆகியவற்றிலும் கொம்புகளிலும் மூடிய வயிறு உண்டு. வெட்டும்போது அந்த உள்வட்டம் தனியே கழன்று விழுந்துவிடுகிறது. ‘அன்னை’ என்ற ஒரு சொல்லிலேயே அத்தனை வயிறுகளும் அடைபட்டு, எழுத்துகள் மைக்கறை போல ஆகிவிட்டன. ஸ்டென்சில்தான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு உள்வட்டத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பாலங்கள் விட்டு வெட்டி, வண்ணம் காய்ந்த பின் அந்த இடைவெளிகளைத் தூரிகையால் நிரப்ப வேண்டும்.

நான் இப்போது செய்வது படியெடுக்கும் முறை. கணினியில் தடித்த எழுத்துருவில் பெயரை அச்சிட்டு, தாள்களை ஒட்டி, தாளின் பின்புறம் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பின்னணி வண்ணம் காய்ந்த பலகையில் ஒட்டி, எழுத்தின் ஓரங்களில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைகிறேன். அடர்ந்த பின்னணியில் வெண்கோடு தெளிவாக விழும். வெளிர்ப் பின்னணியானால் சாக்பீஸுக்குப் பதில் மென்மையான பென்சிலைத் தேய்க்கலாம். கார்பன் தாள் வேண்டாம். அதன் மை வெளிர் வண்ணத்தின் மேலே கசிந்து வரும்.

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். பலகையின் உயரம் முழுவதையும் எழுத்தால் நிறைத்துவிட்டுப் பார்த்தபோது, ன், ல், ம் ஆகியவற்றின் புள்ளிகளுக்கு இடமே இல்லை. தமிழில் புள்ளியும், கி, மீ போன்றவற்றின் மேல்விலங்கும் (மேல் வளைவு) மேலே ஏறும். கு, மு, பூ போன்றவை கீழே இறங்கும். ஆகவே எழுத்தின் உடல் உயரத்தில் பாதி அளவு இடத்தை அதற்கு மேலேயும் அதே அளவைக் கீழேயும் ஒதுக்கிவிட்டு, ஓரத்துக்கான இடைவெளியை அதற்கும் வெளியே கணக்கிடுங்கள். 20 சென்டிமீட்டர் உயரப் பலகையில் எழுத்தின் உடலுக்கு 6 சென்டிமீட்டர் வைத்தபோதுதான் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் பாட்டி வீட்டுப் பலகையில் ‘னை’ யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின் அவ்வடிவம் புழக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. அதை விரும்புகிறவர்கள் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எழுத்தைப் பெரிதாக்கி நகலெடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தை நிரப்ப எனாமல் வண்ணமும் நான்காம் எண் வட்டத் தூரிகையும் போதும். முதலில் ஓரத்தை வரைந்து, பிறகு உள்ளே நிரப்புங்கள். கை நடுங்கினால் பலகையின் இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு மரச்சட்டம் வைத்து, மணிக்கட்டை அதன் மேல் ஊன்றிக்கொள்ளலாம்.

மேற்பூச்சும் மாட்டுதலும்

இந்தக் குறிப்பின் முந்தைய வடிவைப் படித்த இருவர், அரக்கை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்த ஸ்பிரிட் பாலிஷ் அடித்ததும் பலகை வெண்பனி படர்ந்ததுபோல ஆகிவிட்டது என்று எழுதியிருந்ததால் இந்தப் பகுதியைச் சேர்க்கிறேன். எரிசாராயம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. சாரல் நாளில் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெளுப்பு உண்டாகிறது. வெயிலான நாளில் லேசாக ஸ்பிரிட் தொட்ட துணியால் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளியில் மாட்டும் பலகைக்கு ஸ்பிரிட் பாலிஷே பொருந்தாது. வெளிப்புறத்துக்கான பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு பூச்சு அடியுங்கள்.

மாட்டும்போது பித்தளைத் திருகாணி பயன்படுத்துங்கள். இரும்பானால் ஈரத்தில் அதைச் சுற்றி மரம் கறுக்கும். பலகையின் பின்னால் நான்கு மூலையிலும் பழைய செருப்பு ரப்பரை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி ஒட்டினால் சுவரின் ஈரம் பலகையில் ஏறாது.

தமிழும் மலையாளமும் சேர்த்து எழுத முடியுமா என்று ஆரியங்காவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். முடியும். மலையாளத்தில் சில கூட்டெழுத்துகள் தமிழைவிடக் கீழே இறங்குவதால், தமிழை மேல் வரியிலும் மலையாளத்தைக் கீழ் வரியிலும் வைத்து, அடி ஓரத்தில் முழு எழுத்து உயரம் ஒன்றை வெற்றிடமாக விடுங்கள்.