நிஷிகோரியின் கதையைச் சொல்லும்போது நாம் வழுக்கும் இடங்கள்

2008 பிப்ரவரி 17. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள டெல்ரே பீச். உலக டென்னிஸ் தரவரிசையில் 244-ஆம் இடத்தில் இருந்த ஜப்பானியப் பையன் ஒருவர், அந்தத் தொடரின் முதல்நிலை வீரரான ஜேம்ஸ் பிளேக்கை இறுதி ஆட்டத்தில் 3–6, 6–1, 6–4 என்று வென்றார். கே நிஷிகோரிக்கு அப்போது வயது 18. அவரைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் கதையை இங்கேதான் தொடங்குவார்கள். தொடங்கட்டும், தப்பில்லை. ஆனால் கூடவே “எங்கிருந்தோ வந்தார், ஒரே வாரத்தில் ஜெயித்தார்” என்று ஒரு வரியைச் சேர்ப்பார்கள் பாருங்கள், தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த 244 என்ற எண்ணைப் பார்ப்போம். டென்னிஸ் தரவரிசை என்பது திறமைக்குப் போடும் மார்க் இல்லை. கடந்த 52 வாரங்களில் ஒருவர் சேர்த்த புள்ளிகளின் கணக்கு, அவ்வளவுதான். 2007-இல்தான் தொழில்முறை வீரராக மாறிய ஒருவரின் கணக்கில் பெரிய தொடர்களே அதிகம் இருக்காது. எனவே 244 என்பது அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதைவிட, இதுவரை எங்கெல்லாம் ஆடியிருக்கிறார் என்பதையே அதிகம் சொல்லும். சொல்லப்போனால், 2007 கோடையிலேயே இண்டியானாபொலிஸ் ஏடிபி தொடரில் (ஏடிபி என்பது ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) அவர் காலிறுதி வரை வந்துவிட்டார். அப்போது கவனித்திருந்தவர்களுக்கு டெல்ரே பீச் ஆச்சரியமாக இருந்திருக்கும், அதிர்ச்சியாக இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. அவர் பட்டம் வெல்வது முன்பே எழுதிவைத்த விதி என்பதுபோலச் சொல்வது. தகுதிச் சுற்றில் ஆடித்தான் அவர் பிரதானச் சுற்றுக்கு வந்தார். அரையிறுதியில் சாம் குவெர்ரிக்கு எதிராக நான்கு மேட்ச் பாயிண்டுகளை, அதாவது இழந்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகளை, தப்பித்தார். அவற்றில் ஒன்றில் பந்து ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் இறுதி ஆட்டமே கிடையாது, 244 என்ற எண்ணும் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

சரி, ஃப்ளோரிடாவுக்கு அவர் எப்படி வந்தார்? அங்கே பிராடென்டனில் நிக் பொலெட்டியெரி தொடங்கிய அகாடமி இருக்கிறது. அகாஸி, ஷரபோவா என்று பெரிய பெயர்கள் வளர்ந்த இடம். அதனால் “பொலெட்டியெரி உருவாக்கிய வீரர்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நிஷிகோரி அங்கே போனது 2003-இல், 13 வயதில். அதற்கு முன்பே ஜப்பானில் ஒரு கதை நடந்து முடிந்திருந்தது. ஷிமானே மாகாணத்தின் மட்சுவேதான் சொந்த ஊர், டோக்கியோ இல்லை. அப்பா பொறியாளர், அம்மா பியானோ ஆசிரியை. ஐந்து வயதில் மட்டையைப் பிடித்து, 2001-இல் அகில ஜப்பான் சிறுவர் பட்டத்தை வென்றார். முன்னாள் வீரர் மட்சுவோகா ஷூஸோ நடத்திய பயிற்சி முகாமிலும் அவர் இருந்தார்.

கடல் தாண்டி அனுப்பியது மொரிட்டா மசாக்கி என்பவரின் நிதியம். சோனி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மொரிட்டா அக்கியோவின் தம்பி இவர். சில சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவில் தங்கிப் பயிற்சி பெறும் செலவை அவரது நிதியம் ஏற்றுக்கொண்டது. சும்மா தூக்கிக் கொடுத்த பணமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு இலக்கு வைப்பார்கள், எட்டாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதைச் சொல்லாமல் “13 வயதில் அமெரிக்கா போனார், ஜெயித்தார்” என்று மட்டும் சொன்னால், கேட்கிற அப்பா அம்மாக்கள் விமான டிக்கெட் எடுப்பதுதான் சூத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆங்கிலம் தெரியாமல், வேறு சாப்பாட்டோடு, வீட்டை விட்டுப் போய்க் கடைசிவரை தாக்குப்பிடித்த சிலரில் ஒருவரைத்தான் நமக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

ஜூனியர் காலத்தைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. 2006 பிரெஞ்சு ஓப்பனில் அவர் பட்டம் வென்றது உண்மை. ஆனால் அது சிறுவர் இரட்டையர் பட்டம், அர்ஜென்டினாவின் எமிலியானோ மாஸாவுடன் சேர்ந்து வென்றது. இதைச் சுருக்கி “கிராண்ட் ஸ்லாம் சாம்பியன்” என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வயதுக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் பிறந்தது 1989 டிசம்பர் 29. வருடத்திலிருந்து வருடத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு வயது கூடிவிடும்.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன்: “ஜப்பானில் அவருக்கு முன் ஆண்கள் டென்னிஸே இல்லை” என்பது. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் குமாகாய் இச்சியா வெள்ளி வென்றார். அதே 1920-இல் ஷிமிசு ஸென்ஸோ விம்பிள்டனில் அமெரிக்க நட்சத்திரம் பில் டில்டனோடு மோதும் அளவுக்கு முன்னேறினார். சாட்டோ ஜிரோ 1932, 1933 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடினார். ஆகவே “முதல் ஜப்பானியர்” என்று எழுதக் கை ஓடும்போது கொஞ்சம் நிறுத்தி, “ஓப்பன் காலத்தில்” என்ற சொல் தேவையா என்று பார்த்துவிடுவது நல்லது. அமெச்சூர்களும் தொழில்முறை வீரர்களும் சேர்ந்து ஆடத் தொடங்கியது 1968-இல்தான். பல சாதனைகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் செல்லும்.

டெல்ரே பீச் பட்டமும் அப்படித்தான். ஏடிபி பட்டம் வென்ற இரண்டாவது ஜப்பானிய ஆண் அவர். முதலாமவர், முன்பு சொன்ன அதே மட்சுவோகா, 1992-இல் சியோலில் வென்றவர். மட்சுவோகா எட்டிய மிக உயர்ந்த தரவரிசை 46. நிஷிகோரியைச் சுற்றி இருந்தவர்கள் அதைத் தாண்டுவதையே இலக்காக வைத்து, அந்தத் திட்டத்துக்கு “புராஜெக்ட் 45” என்று பெயர் வைத்தார்கள். 45! பின்னாளில் நான்காம் இடத்துக்குப் போன ஒருவருக்கு வைத்த இலக்கு இது. இப்போது பார்த்தால் சிரிப்பு வரும், அப்போது அது நியாயமான ஆசை.

அந்த 45-ஐ அவர் எப்போது தாண்டினார்? 2008-லேயே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வருடம் நடந்தவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜூனில் குவீன்ஸ் கிளப்பில் நடாலிடமிருந்து ஒரு செட் பறித்தார். யு.எஸ். ஓப்பன் மூன்றாவது சுற்றில், அப்போதைய முன்னணி வீரர்களில் ஒருவரான டேவிட் ஃபெரெரை ஐந்து செட்டில் சாய்த்தார். நான்காவது சுற்றில் டெல் போட்ரோவிடம் தோற்றார். ஆனால் அதே வருடம் அவருடைய முதல் விம்பிள்டன் வயிற்றுத் தசைக் காயத்தால் முதல் சுற்றிலேயே பாதியில் முடிந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆண்டு முடிவில் அவர் இருந்த இடம் 63.

அப்புறம் 2009. இந்த வருடத்தை முழுதாக விழுங்கிவிட்டு 2014 யு.எஸ். ஓப்பன் இறுதிக்குத் தாவுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வலது முழங்கை போய்விட்டது. மார்ச்சுக்குப் பிறகு அந்த வருடம் அவர் ஆடவே இல்லை, ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. மேலே சொன்ன 52 வாரக் கணக்கு இப்போது அவருக்கு எதிராகத் திரும்பியது: ஆடாத வாரங்களில் பழைய புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, தரவரிசை நூற்றுக்கணக்கில் சரிந்தது. 2010 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது ஆடிய இடம் அதே டெல்ரே பீச். முதல் சுற்றிலேயே பெஞ்சமின் பெக்கரிடம் தோல்வி.

அதற்குப் பிறகு அவர் போனது சாலஞ்சர் தொடர்களுக்கு. ஏடிபி தொடர்களுக்குக் கீழ்ப்படி அது. பரிசுப் பணம் குறைவு, டிவியில் வராது, பார்க்க வருபவர்களும் கொஞ்சம் பேர்தான். ஏற்கெனவே ஃபெரெரை யு.எஸ். ஓப்பனில் வென்ற ஒருவர் சவானா, சரசோட்டா, பிங்ஹாம்டன், நாக்ஸ்வில் என்று அமெரிக்காவின் சின்ன ஊர்களில் ஆடி, அந்த நான்கையும் வென்றார். அதே வருட யு.எஸ். ஓப்பனுக்கு மறுபடி தகுதிச் சுற்று வழியாக வந்து, மரின் சிலிச்சை ஏறக்குறைய ஐந்து மணி நேர ஆட்டத்தில் தோற்கடித்தார். அடுத்த சுற்றில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பாதியில் விலகினார். 2010 முடிவில் 98. என்னைக் கேட்டால், டெல்ரே பீச் பட்டத்தைவிட இந்த 98 பெரிய விஷயம்.

அந்த முழங்கை விஷயத்தில் இன்னொரு அவசரத் தீர்ப்பும் அடிக்கடி காதில் விழுகிறது: “உயரம் குறைவு, அதனால் உடம்பு தாங்கவில்லை”. அவர் உயரம் 178 செ.மீ. ஃபெரெர் அவரைவிடவும் குட்டை, ஆனால் தொழில்முறை வீரர்களிலேயே தேக்குக் கட்டை மாதிரி இருந்தவர் அவர்தான். நிஷிகோரியின் ஆட்டம் வேறு மாதிரி. பந்து எகிறும்போதே முன்னால் போய் எடுப்பார், சில சமயம் அந்தரத்தில் எழும்பி ஃபோர்ஹேண்ட் அடிப்பார். “ஏர் கே” என்ற செல்லப் பெயர் அதனால் வந்ததுதான்.

ஒவ்வொரு புதுப் பையனையும் “அடுத்த நிஷிகோரி” என்பதையும் நிறுத்தினால் தேவலை. மொச்சிசுக்கி ஷிந்தாரோவும் பிராடென்டன் வழியாக வந்தவர்தான். 2019-இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்றார், நிஷிகோரியிடம்கூட இல்லாத பட்டம் அது. அதற்குப் பிறகு 2023 டோக்கியோ ஓப்பன் அரையிறுதி வரை அவர் பெரிய செய்தியாகவில்லை. அந்த நான்கு வருடங்களில் அவரைத் தோல்வி என்று எழுதியவர்கள் 18 வயதில் பட்டம் வெல்வதை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள்.

45-ஐ நிஷிகோரி தாண்டியது 2011 அக்டோபரில், ஷாங்காய் தொடரில் அரையிறுதி வரை போன பிறகு. ஒரே தாவலில் 30-ஆம் இடம். அடுத்த மாதம் பாசலில் ஜோகோவிச்சை வென்றுவிட்டு, இறுதியில் ஃபெடரரிடம் 6–1, 6–3 என்று சுருண்டார்.