படம், உருவம், சாயல்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது?

தமிழில் 'படம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிறைய தூரம் போய்விடலாம். ஓவியம், போட்டோ, சினிமா எல்லாமே படம்தான். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ஓர் ஓவியக் கண்காட்சிக்கான குறிப்புகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அதில் நான் தடுமாறிய இடங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எளிய ஆங்கில வாக்கியம் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் பொருளைப் பாருங்கள்

'பிக்சர்' பொதுச்சொல். ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் பொருந்தும். வண்ணம் பூசியது 'பெயின்டிங்', பென்சிலாலோ பேனாவாலோ கோடாக வரைந்தது 'டிராயிங்'. 'போர்ட்ரெய்ட்' என்றால் குறிப்பிட்ட ஒருவரைக் காட்டுவதற்காக உருவானதாக இருக்க வேண்டும். முகம் தெரிகிற படமெல்லாம் போர்ட்ரெய்ட் ஆகாது. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியம் பார்ப்பதற்கு அப்படியே போர்ட்ரெய்ட்தான். ஆனால் அதை 'ட்ரோனி' என்பார்கள். இன்னார் என்று காட்டுவது அதன் நோக்கமல்ல, முகபாவமும் உடையும்தான் அங்கே முக்கியம். டச்சு மொழியின் அந்தச் சொல்லை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது.

சிலைகளில் முழு உருவம் 'ஸ்டாச்சூ', மார்பளவுச் சிலை 'பஸ்ட்', கையில் அடங்கும் சிறியது 'ஃபிகரின்'. 'எஃபிஜி' என்றதும் நமக்குக் கொடும்பாவி நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் ஐரோப்பிய தேவாலயங்களில், கல்லறையின் மேல் இறந்தவர் படுத்திருப்பதுபோலச் செதுக்கிய சிற்பத்துக்கும் அதே பெயர்தான். அங்கே அது மரியாதைக்குரியது. 'ஐடல்' என்பதில் கவனம் வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் அது சாதாரணமாகப் புழங்கினாலும், கிறித்தவ மரபில் வளர்ந்த வாசகருக்குப் 'பொய்த் தெய்வம்' என்ற வாடை அதில் அடிக்கும். வழிபாட்டு உருவத்தைப் பற்றி எழுதும்போது நான் 'இமேஜ்' என்றே போடுகிறேன். கலை வரலாற்று நூல்களிலும் அந்த வழக்கம் உண்டு.

படி 2: 'யாருடைய படம்?'

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ரெம்பிராண்ட் என்ற டச்சு ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெம்பிராண்டின் ஓவியம்' என்று தமிழில் எழுதினால் மூன்று பொருள் வரும். அவர் வரைந்தது, அவரைக் காட்டுவது, அவரிடம் இருந்தது. தமிழில் முன்பின் வாக்கியங்கள் பார்த்துக்கொள்ளும். நான் எல்லா இடத்திலும் 'ஆஃப்' போட்டு வைத்தேன். திருத்தியவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இப்போது நான் செய்வது இதுதான். எழுதுவதற்கு முன் தமிழ் வாக்கியத்தையே விரித்துக்கொள்கிறேன். 'அவரைக் காட்டும்' என்று விரிந்தால் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் ரெம்பிராண்ட்'. 'அவர் வரைந்த' என்று விரிந்தால் 'எ போர்ட்ரெய்ட் பை ரெம்பிராண்ட்'. அவர் தன்னையே பலமுறை வரைந்தவர் என்பதால் இரண்டும் சேர்ந்த 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்ற சொல்லும் தேவைப்படும். 'ரெம்பிராண்ட்ஸ் போர்ட்ரெய்ட்' என்று உடைமை உருபோடு எழுதினால் நம் தமிழ்க் குழப்பம் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடும். அது இலக்கணப் பிழையில்லை. ஆனாலும் பழகும்வரை அதைத் தொடாதீர்கள்.

இதையே வீட்டுப் படங்களை வைத்துப் பழகலாம். ஒரு படத்தை எடுத்து, யாரைக் காட்டுகிறது, யார் எடுத்தது, யாரிடம் இருக்கிறது என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். பத்துப் படம் முடிவதற்குள் கை தானாகச் சரியான சொல்லைப் போடும்.

படி 3: 'லைக்னெஸ்'

'லைக்' என்பதைப் பார்த்து விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். விருப்பம் 'லைக்கிங்'. 'லைக்னெஸ்' என்பது சாயல். ஒரு படத்தைப் பார்த்து 'எ குட் லைக்னெஸ்' என்றால், 'ஆள் அப்படியே வந்திருக்கிறார்' என்று பொருள். ஓவியம் அழகா இல்லையா என்பது வேறு பேச்சு. நான் அதை 'நல்ல ரசனை' என்று மொழிபெயர்த்திருந்தேன், அச்சுக்குப் போகும் முன் கண்ணில் பட்டது.

அச்சு அசலாக இருக்கும் ஆளை 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பார்கள். 'டேக் ஆஃப்டர்' என்பதை அப்பா, பாட்டி போன்ற மூத்த உறவினரின் சாயலுக்கும் குணத்துக்கும் மட்டும் வையுங்கள். நண்பர் நண்பரைப் போலிருந்தால் அது பொருந்தாது, அங்கே 'லுக் லைக்' போதும்.

படி 4: வினைச்சொற்கள்

'ரிசெம்பிள்' என்பதற்குப் பின்னால் 'டு' வராது. 'தந்தையை ஒத்திருக்கிறான்' என்று தமிழில் இரண்டாம் வேற்றுமை வருவதை நினைவில் வைத்தால் மறக்காது. 'சிமிலர்' என்பதற்கு மட்டும் 'டு' வேண்டும்.

ஒரு புறாவை வரைந்தால் ஓவியம் புறாவை 'டிபிக்ட்' செய்கிறது, அந்தப் புறா அமைதியை 'ரெப்ரசென்ட்' செய்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னது, அது குறித்து நிற்பதற்குப் பின்னது.

கருவிகள்

ஆங்கிலம்-தமிழ் செயலிகளை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 'சாயல்', 'உருவம்', 'படிமம்' என்று வரிசையாகக் கொட்டிவிட்டு, எது எங்கே என்று சொல்லாமல் விட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டோ லாங்மேனோ வெளியிடும், கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். அப்புறம் அந்தச் சொல்லைப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். 'ஃபிகரின்' எவ்வளவு சின்னது என்பது ஒரே பார்வையில் புரியும். 'பஸ்ட்' என்று தேடும்போது மட்டும் 'மார்பிள்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு.

பின்சேர்க்கை: 'படத்தில்' என்பதற்கு 'இன்' போடுவதா 'ஆன்' போடுவதா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் எழுத மறந்த இடம் அது. படத்துக்குள் தெரியும் குழந்தைக்கு 'இன்'. படத்தின் மேல் விழுந்த காபிக் கறைக்கு 'ஆன்'. இரண்டுக்கும் நாம் 'இல்' என்றே சொல்வதால் வரும் சிக்கல் இது. 'மேல்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், பொருள் கெடாவிட்டால் 'ஆன்' போடலாம்.