பொங்காத மாவும் நான்கு டம்ளரும்

பெங்களூருக்குக் குடிவந்த முதல் டிசம்பரில் இட்லி மாவு பொங்கவே இல்லை. பழைய உளுந்துதான் காரணம் என்றார் மாமியார். குழாய் நீரில் இருக்கும் குளோரின் என்றேன் நான். ஒரே நாளில் உளுந்து, தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் மாற்றினோம். அப்போதும் பொங்கவில்லை. பொங்கியிருந்தாலும் எதனால் என்று தெரிந்திருக்காது.

அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மாவு, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட். முதலாவது வழக்கம்போல மேடையில். இரண்டாவதில் புது உளுந்து. மூன்றாவதில் கொதித்து ஆறிய நீர். நான்காவது வழக்கமான மாவேதான், ஆனால் விளக்கு எரியும் ஓவனுக்குள். வெப்பமானி மேடையில் 19 டிகிரி காட்டியது, ஓவனுக்குள் 30.

காலையில் முதல் மூன்றும் ரப்பர் பேண்டைத் தாண்டவில்லை. நான்காவது வழிந்து ஓவன் தட்டெல்லாம் மாவு (அரை டம்ளர்தான் ஊற்றியிருக்க வேண்டும்). தற்செயலாக இருக்கலாமே என்று மறுவாரமும் செய்தேன், அதே கதை. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குளிர்காலம் முழுவதும் மாவு ஓவனுக்குள்தான் உறங்குகிறது. உளுந்து பற்றிய கருத்தை மாமியார் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.