கடற்கரை மணலில் நிலாவாரை: விதையிலிருந்து மூட்டை வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகும் வழியில் எங்களுக்கு 25 சென்ட் நிலம் இருக்கிறது. மணல் கலந்த செம்மண். வரப்பெல்லாம் பனை. கடல் கூப்பிடு தூரம். மூன்று வருடமாக அதில் நிலாவாரை போடுகிறேன். முதல் வருடம் பாதி விதை முளைக்கவே இல்லை, முளைத்ததும் அழுகிப்போனது. இரண்டாம் வருடம் செடி செழித்து வந்தது, காயவைக்கும்போது இலையைக் கெடுத்துவிட்டேன். இந்த வருடம்தான் வியாபாரி மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்து, மறுபேச்சில்லாமல் எடை போட்டார். நான் எங்கே சறுக்கினேன் என்பதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நிலாவாரை என்பது மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மூலிகை. வியாபாரிகள் 'சென்னா இலை' என்பார்கள். உலகச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். அரேபியாவிலும் சோமாலியாவிலும் தானாக வளர்கிற செடி, நம் தென்கரையில் வந்து ஊன்றிக்கொண்டது. இதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு என்ற பொருளுக்காகத்தான் மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகிறது.

மூலிகை போடுகிறேன் என்றதும் ஒன்றிரண்டு பேர் கஞ்சாச் செடியைப் பற்றியும் விசாரித்தார்கள். அனுமதியில்லாமல் அதை ஒரு செடி வளர்த்தாலும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம். நிலாவாரை அப்படியில்லை, நெல், மிளகாய் மாதிரி யாரும் போடலாம்.

1. விதை வாங்குவது

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. எங்கள் பக்கம் சிலர் நிலாவாரையையும் 'அவுரி' என்றே சொல்கிறார்கள். தலைக்குச் சாயம் போடும் நீல அவுரி வேறு செடி. கடையில் 'அவுரி விதை' என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். அவுரி விதை கடுகைப் போலப் பொடியாக இருக்கும். நிலாவாரை விதை தட்டையாக, ஒரு முனை குறுகி இருக்கும். கையில் கொட்டிப் பார்த்து வாங்குங்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் கே.கே.எம்.1 ரகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பக்கத்தில் போட்டவரிடம் போன வருடத்து விதையைக் கேளுங்கள். 25 சென்ட்டுக்கு 2 கிலோ தாராளம்.

2. விதையைக் கீறுவது

முதல் வருடம் நான் தவறவிட்டது இதைத்தான். நிலாவாரை விதையின் தோல் கல் மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்காது. சும்மா ஊறப்போட்டால் இரண்டு நாள் கழித்தும் பாதி விதை அப்படியே கிடக்கும்.

ஒரு பங்கு விதைக்கு ஒரு பங்கு பருமணல் சேர்த்து உரலில் போடுங்கள். உலக்கையால் இடிக்கக் கூடாது, லேசாகக் குத்திப் புரட்ட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். எடுத்துப் பார்த்தால் விதையின் பளபளப்பு போய், தூசி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும். அதுதான் பதம். விதை இரண்டாகப் பிளந்திருந்தால் குத்து பலமாகிவிட்டது என்று அர்த்தம். மணலைச் சலித்துவிட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் நல்ல விதை ஒன்றரை மடங்கு உப்பியிருக்கும். உப்பாததைப் பொறுக்கி மறுபடி உரலுக்கே அனுப்புங்கள்.

மிக்ஸியில் போடலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா, பிளேடு விதையை வெட்டிவிடும். உரல் இல்லையென்றால் இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தால் போதும்.

நிழலில் ஈரம் உலர்த்தியபின் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து விதைக்கிறேன். வேரழுகலுக்கு இது நல்ல காவல்.

3. எப்போது விதைப்பது

புத்தகங்களில் புரட்டாசி, ஐப்பசி என்று இருக்கும். மானாவாரிக்கு அது சரிதான், தண்ணீர் நிற்காத மேட்டு நிலமாக இருந்தால். எங்கள் கரையில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தச் செடி உப்பைப் பொறுக்கும், வெயிலைப் பொறுக்கும், தேங்கிய தண்ணீரை மட்டும் பொறுக்காது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அடித்தண்டு கருத்துச் சாய்ந்துவிடும். முதல் வருடம் முளைத்தது எல்லாம் அப்படித்தான் போனது. அதனால் நான் கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும்போது விதைக்கிறேன். பிறகு மாசி வரை நாலு, ஐந்து தடவை தண்ணீர் விட்டால் போதும்.

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. விதை ஒரு விரல்கணு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. அடியுரமாக மக்கிய ஆட்டு எரு மட்டும் போடுகிறேன். பயறு வகையைச் சேர்ந்த செடிதானே, தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளாதா என்று நினைத்திருந்தேன். பிடுங்கிப் பார்த்தால் தட்டைப்பயறுக்கு இருக்கிற வேர்முடிச்சு இதற்கு இல்லை. எரு கொடுத்தே ஆக வேண்டும்.

*பிறகு சேர்த்தது:* கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் வருமா என்று கேட்கிறார்கள். வரும். மேட்டுப்பாத்தி எடுத்து, வடிகால் வெட்டி, அப்புறம் விதையுங்கள்.

4. வளர்ப்பு

இதில் சொல்ல அதிகம் இல்லை. முதல் நாற்பது நாளில் இரண்டு களையெடுப்பு. ஆடு, மாடு இதை வாயில் வைப்பதில்லை. வேலி போட முடியாத நிலத்துக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி நிறையப் பறந்தால் இலையடியில் பச்சைப் புழு இருக்கிறதா என்று பாருங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, சாயங்காலம் தெளித்தால் அடங்கிவிடும். கடைப் பூச்சிமருந்தை நான் தொடுவதே இல்லை. மருந்தாகப் போகிற இலையில் விஷம் ஏறக் கூடாது.

மஞ்சள் பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விடும், இலை கூடும். பூ அழகாகத்தான் இருக்கும், ஆனால் பூவுக்கு விட்டால் இலை சின்னதாகிப் போகும்.

5. இலை பறிப்பது

விதைத்து 60, 70 நாளில் முதல் பறிப்பு. இலை தடித்து, நீலம் பாய்ந்த பச்சையாக, விரலில் தேய்த்தால் மொரமொரவென்று இருக்க வேண்டும். பனி காய்ந்தபின் காலை எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். அடியிலிருந்து மேலாக, முற்றிய இலையை மட்டும் உருவுங்கள். நுனிக்கொழுந்தை விட்டுவிடுங்கள். அதிலிருந்துதான் அடுத்த பறிப்பு வரும். அடுத்தது ஒரு மாதம் கழித்து, பங்குனியில்.

இலையைக் கையில் கசக்கிப் பிடிக்காதீர்கள். கசங்கிய இடம் காய்ந்ததும் பழுப்பாகிவிடும். முழு இலைக்கு ஒரு விலை, உடைசலுக்கு வேறு விலை. என் சித்தி மடியில் பறிப்பார், நான் பனையோலைக் கூடையில். பிளாஸ்டிக் சாக்கில் அமுக்கிப் பறித்தால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அப்படிச் சூடேறிய இலை தேறாது.

6. காயவைப்பது

இரண்டாம் வருடம் நான் கோட்டைவிட்ட இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலை நேர்வெயிலில் காயக் கூடாது. நிறம் வெளுத்துவிடும், வெளுத்த இலையை வாங்கமாட்டார்கள். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லப் பரப்பிக் காயவேண்டும். காய்ந்த இலை மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்க வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும்.

முதலில் தார்ப்பாயில் பரப்பினேன். அடியில் வியர்த்தது. அப்புறம் மூக்கையூரில் மீனவ அண்ணன் ஒருவரிடம் கண் நெருக்கமான பழைய வலை வாங்கி, இடுப்பு உயரத்தில் நாலு பனங்கட்டையில் இழுத்துக் கட்டினேன். மேலும் கீழும் காற்று போனது. மூன்றே நாளில் இலை சலசலத்தது. ஆனால் ஐந்தாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால், வலையில் பட்டுக் கிடந்த அடி இலை மட்டும் துவண்டு, விளிம்பில் கருப்புக் கோடு. மேல் இலை நன்றாக இருக்கிறது. ஏன் என்றே புரியவில்லை.

வலையை நாக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உப்பு. வருடக்கணக்காகக் கடல்தண்ணீர் குடித்த நூல், ராத்திரிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பகலில் காய்வதும் ராத்திரியில் நனைவதுமாக இலை கெட்டுப்போனது. இப்போது பழைய வலையை நல்ல தண்ணீரில் மூன்று தடவை ஊறவைத்து அலசி, நாக்கில் உப்புக் கரிக்காதபிறகுதான் கட்டுகிறேன். கையில் காசிருந்தால் தோட்டக்கடைப் பச்சை நிழல்வலையே வாங்கிவிடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

வலை சரியானாலும் காற்று இருக்கிறதே. மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அது வறண்ட காற்று. மதியம் திரும்பிக் கடலிலிருந்து வரும், ஈரத்தோடு. அதனால் காலை ஏழு மணிக்குப் பரப்பி, ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் கையால் மெல்லப் புரட்டி, கடற்காற்று எழுமுன் சேர்த்து வைத்துவிடுகிறேன். முதல் நாள் பச்சை இலையை மட்டும் குவிக்கக் கூடாது, சூடேறும். கூரைக்குள்ளேயே பரப்பி வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து பனையோலைப் பாயில் சுருட்டி உள்ளே வைக்கலாம். ஆறு, ஏழு நாளில் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று தெரிய, நடுக்காம்பை ஒடித்துப் பாருங்கள். வளையாமல் டக்கென்று முறிய வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய உப்புச் சோதனை செய்வேன். பொடியுப்பு இரண்டு தேக்கரண்டியை வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். வறுக்காத உப்பு கரையோரத்தில் எப்போதும் கசகசத்தே இருக்கும், சோதனைக்கு ஆகாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் இலையோடு அந்த உப்பைப் போட்டு மூடி, கால் மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள் காயணும். பொலபொலவென்று உதிர்ந்தால் மூட்டை கட்டலாம். சோதித்த இலையை மூட்டையில் சேர்க்காதீர்கள்.

*பிறகு சேர்த்தது:* மண்டபம் ஊரிலிருந்து ஒருவர், மொட்டைமாடியில் நிழல்வலைப் பந்தல் போட்டும் இலை வெளுத்துவிட்டது என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். பந்தல் சரியாகத்தான் இருந்தது, ஆனால் இலையைக் காரைத் தரையில் பாய் விரித்துப் பரப்பியிருந்தார். அடியிலிருந்து ஏறிய சூடுதான் காரணம். கயிற்றுக்கட்டில் மேல் மாற்றியதும் சரியானது.

7. மூட்டையும் விற்பனையும்

காலை பதினொரு மணிவாக்கில், இலை நன்றாகச் சலசலக்கும்போது கட்டுங்கள். சுத்தமான சணல் சாக்கு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, வாயை இறுக்கிக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல். காம்பு, பழுத்த இலை, மணல் எல்லாம் முன்பே புடைத்து எடுத்துவிடுங்கள். புடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தூசி சிலருக்கு மூச்சிரைப்பையே கொண்டுவரும்.

போன வருடம் வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, "தம்பி, மேல நல்லாருக்கு, உள்ள புழுங்கியிருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். அதனால் மூட்டை கட்டி மூன்றாம் நாள் நானே முழங்கை வரை கைவிட்டுப் பார்த்துவிடுகிறேன். உள்ளே வெதுவெதுப்பு இருந்தால் உடனே கொட்டிப் பரப்ப வேண்டும். இந்த வருடம் இரண்டு பறிப்பும் சேர்த்து 85 கிலோ காய்ந்த இலை வந்தது. ஆரம்பிக்கும் முன்பே வாங்குபவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விளைந்த பிறகு தேடினால் அவர் சொன்னதுதான் விலை.

வீட்டு உபயோகத்துக்கு எடுத்து வைப்பவர்களுக்கு: அளவு கூடினால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். சித்த மருத்துவரிடம் கேட்டு அளவோடு எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. தினமும் சாப்பிடுகிற பொருளும் அல்ல.

8. காயும் விதையும்

இரண்டாம் பறிப்புக்குப் பிறகு பூவைக் கிள்ளுவதை நிறுத்திவிடுங்கள். தட்டைத் தட்டையாகக் காய் தொங்கும். பச்சை மாறி வைக்கோல் நிறம் திரும்பும் நேரத்தில் பறித்துக் காயவைத்தால் அதற்கும் விலை உண்டு. முற்றவிட்டால் மருந்துக்கு மதிப்புக் குறையும். கடைசியாக வைகாசியில் செடியோடு பிடுங்கி, மிச்ச இலையையும் உதறி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருட விதைக்கென்று வரப்போரம் பத்துச் செடிகளை முதலிலிருந்தே கிள்ளாமல் விட்டுவிடுங்கள். காய் பழுப்பாகிச் செடியிலேயே காயட்டும். உதிர்த்து, ஒரு நாள் வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலையோடு மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறேன். கார்த்திகை வரை பூச்சி தொட்டதில்லை.