ஒரு நாள் ஆன் ஆகிறது, மறுநாள் ஆகவில்லையா?

நீங்களே பார்ட் பார்ட்டாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் சில நாள் ஃபேன் மட்டும் சுற்றி, திரை கறுப்பாகவே நின்றால் முதலில் ராமை, அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் மெமரி அட்டையைப் பாருங்கள். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் துடைத்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் என்றால் முதல் தடவை சில நிமிடம் திரை வராமல் இருப்பது சகஜம், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். தேதி, நேரம் மாறிப்போகிறதா? மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நண்பரின் பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள். பழையதை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், வயரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.