தனி ஆளாகக் கேனோ ஓட்ட: ஜே ஸ்ட்ரோக் சரியாக வர

வலப்பக்கம் துடுப்புப் போட்டால் கேனோ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு இடப்பக்கம் திரும்பும். இருவர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போடலாம். தனி ஆள் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டால் படகு பாம்பாக நெளியும், மடியெல்லாம் நனையும். ஒரே பக்கம் போட்டபடி நேராகப் போக வைப்பதுதான் ஜே ஸ்ட்ரோக். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காற்றில்லாத நேரத்தில் கரையோரம் பழகுங்கள்.

இருவர் கேனோவில் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும். இரு முனையும் ஒரே வடிவம் என்றால், முன் இருக்கையில் பின்முனையைப் பார்த்து உட்காருங்கள்; இனி அதுதான் உங்களுக்கு முன்பக்கம். அப்படியே இருக்கை விளிம்பில் சாய்ந்து மண்டியிடுவது இன்னும் நல்லது. முழங்காலுக்கடியில் தடித்த நுரைத்திண்டு வேண்டும். பாதம் இருக்கைக்கடியில் சிக்காமல் இருக்க வேண்டும்.

துடுப்பு நேர்தண்டாக இருக்கட்டும். என் ஓட்டு மரத்துக்குத்தான். வளைதண்டு, பக்கம் மாற்றிப் போடுபவர்களுக்கானது, இதற்கு வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இருக்கையில் ஊன்றிப் பாருங்கள். தண்டு முடிந்து அலகு (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) தொடங்கும் இடம் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் நீளம் சரி.

1. கைப்பிடியைப் பிடித்திருக்கும் மேல்கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் தண்டைச் செங்குத்தாக்குங்கள். அலகு முழுதும் மூழ்கிய பிறகே இழுக்க வேண்டும்.

2. படகின் நடுக்கோட்டுக்கு இணையாக இழுங்கள். விளிம்பின் வளைவை ஒட்டி இழுத்தால் படகு இன்னும் அதிகமாகத் திரும்பும்.

3. அலகு தொடையைத் தாண்டும்போதே மேல்கைக் கட்டைவிரலைத் தண்ணீரை நோக்கிக் கீழே திருப்பத் தொடங்குங்கள். இடுப்பருகே வந்ததும் அலகை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளி, வெளியே எடுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது மூன்றாவதில்தான். கை தானாகக் கட்டைவிரலை மேலே திருப்பிவிடும். அப்போதும் படகு நேராகும், ஆனால் அலகின் மறுமுகம் தள்ளுவதால் வேகம் செத்துவிடும். இழுக்கும்போது எந்த முகம் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறதோ, அதில் ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள். ஸ்ட்ரோக் முடிவில் டேப் வெளிப்பக்கம் பார்த்தால் சரி; படகைப் பார்த்தால் விரல் மேலே போயிருக்கிறது. மணிக்கட்டு வலித்தால் பிடி இறுக்கம். கீழ்க்கைக்குள் தண்டு தாராளமாகச் சுழல வேண்டும்.

தள்ளலைத் தனி வேலையாகச் செய்யாதீர்கள். இழுப்பின் வாலிலேயே அது கரைந்துவிட வேண்டும். தனித்துடுப்பின் அழகு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. இடுப்பைத் தாண்டியும் இழுத்தால் அலகு தண்ணீரை மேலே தூக்கும், பின்முனை அழுந்தும்.

நின்ற படகைக் கிளப்பும் முதல் சில ஸ்ட்ரோக்கில் முனை அதிகம் விலகும். அப்போது அலகைச் சற்றுத் தள்ளி இறக்கி, முதலில் படகை நோக்கி இழுத்து, பிறகு ஜே போடுங்கள்.

நேராகப் போகப் பழகியபின் இரு முழங்காலையும் துடுப்புப் பக்கம் நகர்த்துங்கள். படகு அந்தப் பக்கம் சாயும். நீரில் படும் நீளம் குறைவதால் சுலபமாகத் திரும்பும். கனடாவில் ஓமர் ஸ்ட்ரிங்கர் என்ற கேனோ ஓட்டி பெயர்பெற்றது இந்தப் பாணியில்தான்.

பின்சேர்க்கை: காற்றில் ஜே வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். எதிர்க்காற்றில் மூட்டையை முன்னால் வையுங்கள், பின்காற்றில் பின்னால். பக்கக் காற்று முன்முனையைத் தள்ளிக்கொண்டே போனால், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் துடுப்புப் போடுங்கள். அங்கே ஜே அநேகமாகத் தேவைப்படாது.